பெரிய கோயிலின் கணக்கைக் கல்லில் படிப்பது எப்படி

தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் அண்ணாந்து விமானத்தைப் பார்க்கிறார்கள். 216 அடி என்று சொல்லப்படும் அந்த உயரத்துக்கு யார் என்ன கொடுத்தார்கள், தினப்படி எப்படி நடந்தது என்பதெல்லாம் கீழே, அதிட்டானத்திலும் (அடித்தளத்திலும்) சுவரிலும் கல்வெட்டாக எழுதியிருக்கிறது. பாறையே இல்லாத டெல்டாவுக்குக் கருங்கல் கொண்டுவந்து எழுப்பிய கட்டடம், தன் கணக்கைத் தன் மேலேயே தாங்கி நிற்பது நமக்குக் கிடைத்த பேறு.

முதலில் வெயில். உச்சி வெயிலில் எழுத்து மறைந்துவிடும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் வெட்டின் நிழல் தெரியும். கோயில் கிழக்குப் பார்த்தது. அதனால் தையில் தென்சுவரும் வைகாசியில் வடசுவரும் காலையிலும் மாலையிலும் படிக்கத் தோது. நிழலான இடத்தில் டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்து தெரியவேண்டுமென்று சாக்கட்டியோ மாவோ எண்ணெயோ தடவவே கூடாது. கல் கெடும், அடுத்தவருக்கு அதுவும் இல்லாமல் போகும்.

மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றேபோல் இருக்கும். சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. வடசொற்கள் கிரந்த எழுத்தில் வரும். புதிதாகப் படிப்பவர் பெரும்பாலும் தடுமாறுவது வரி முடிவில்தான்: வரி அரைத்தூணைத் தாண்டி ஓடுகிறதா, அங்கேயே மடங்குகிறதா என்று பாதிச் சொல்லைத் தொடர்ந்து போய்ப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

'ஸ்வஸ்திஸ்ரீ'யைத் தேடுங்கள், தொடக்கம் அது. பிறகு 'திருமகள் போல' என்று மெய்க்கீர்த்தி (அரசனின் புகழ்பாடும் முன்னுரை) வந்தால் அரசன் ராஜராஜன். அடுத்து 'யாண்டு' என்ற சொல், அதாவது ஆட்சியாண்டு. ஆட்சித் தொடக்கம் கி.பி. 985 என்பதால் யாண்டோடு 984 கூட்டினால் 26-ஆம் யாண்டு 1010 ஆகும். ஓராண்டு முன்பின் வரலாம். தானும் அக்கனும் (தமக்கையும்) பெண்டுகளும் (அரசியரும்) மற்றவர்களும் கொடுத்ததைக் கல்லிலே வெட்டச் சொன்ன ஆணை அந்த யாண்டினது. 1886-இல் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் இங்குள்ள கல்வெட்டுகளைப் படித்த பிறகே கோயிலைக் கட்டியவன் ராஜராஜன் என்பது உறுதிப்பட்டது. 25-ஆம் யாண்டு 275-ஆம் நாளில் விமான உச்சிக்குக் கொடுத்த செப்புக்குடத்தின் எடையும் இருக்கிறது: 3083 பலம் (பழைய நிறை அளவு).

இனி பணம். கோயிலுக்கு வந்த காசு பெட்டியில் தூங்கவில்லை; ஊர்ச்சபைகளுக்குக் கடனாகப் போனது. கல்வெட்டில் வட்டிக்குப் பெயர் 'பொலிசை'. ஆண்டுக்கு ஒரு காசுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு, நூற்றுக்கு 12½. சில ஊர்கள் நெல்லாகக் கொடுத்தன, காசுக்கு மூன்று குறுணி. இரண்டும் ஒன்றுதானா என்று சரிபார்க்கலாம்: குறுணியும் கலமும் நெல் அளக்கும் அளவுகள், கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி. மூன்று குறுணி கால் கலம். அரைக்கால் காசுக்குக் கால் கலம் என்றால் ஒரு காசுக்கு இரண்டு கலம் நெல். 100 காசு வைத்தால் ஆண்டுக்கு 12½ காசு, அல்லது 25 கலம். இந்தக் கணக்குப் பொருந்தாவிட்டால் நீங்கள் ஒரு பின்னத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள் என்று பொருள். பெரும்பாலும் காலும் அரைக்காலும் மாறியிருக்கும்.

அளவின் பெயரையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். நெல்லை 'ஆடவல்லான்' மரக்காலால் அளந்தார்கள். பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கும் அதே பெயர். நகைக்குத் 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் கல். விளக்குக் கொடைகளில் பணத்துக்குப் பதில் ஆடு வரும்: ஒரு திருவிளக்குக்கு 96 ஆடு, நாள்தோறும் உழக்கு நெய். ஆட்டோடு பசுவும் எருமையும் கலந்து வந்தால், அவற்றை ஆட்டுக் கணக்குக்கு மாற்றி 96-ஐ எட்டுகிறதா என்று பாருங்கள்.

உச்சிக்கல் ஒரே கல் என்பதும் விமான நிழல் தரையில் விழாது என்பதும் இன்னும் சொல்லப்படுகின்றன. உச்சி பல துண்டுகளால் சேர்த்தது. நிழலை மாலையில் கிழக்கு முற்றத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.