‘கல்லீரல் பார்த்துக்கொள்ளும்’ என்ற நினைப்பும், மருந்து அடிப்பவர்கள் செய்யும் தவறுகளும்

பனமரத்துப்பட்டி அரளிக் காடானாலும், ஆத்தூர்ப் பக்கத்துப் பருத்தியானாலும், ஏற்காட்டுக் காபித் தோட்டமானாலும், மருந்து அடிப்பவர்கள் பலரிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. உள்ளே கொஞ்சம் போனாலும் கல்லீரல் முறித்துவிடும் என்பதுதான் அது. பாதி உண்மை. ஆனால் சில மருந்துகளை முழு விஷமாக மாற்றுவதே கல்லீரல்தான்.

காபியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டுக்கு அடிக்கிற குளோர்பைரிபாஸையே எடுத்துக்கொள்வோம். பாட்டிலில் இருக்கும்போது அதன் மூலக்கூறில் பாஸ்பரஸ் அணுவோடு ஒரு கந்தக அணு ஒட்டியிருக்கும். அந்த வடிவத்தில் அதற்கு நரம்பைத் தாக்கும் வலு குறைவு. கல்லீரல் செல்லில் உள்ள சைட்டோகுரோம் பி450 என்ற நொதிகள் அந்தக் கந்தகத்தைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஆக்சிஜனை வைத்துவிடுகின்றன. இப்படி உருவாகும் ‘ஆக்சான்’தான் நரம்புக்குத் தேவையான அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகிறது. வாயில் எச்சில் ஊறுவது, கண்ணின் பாப்பா சுருங்குவது, வியர்த்துக் கொட்டுவது எல்லாம் அதனால்தான். பிடுங்கிய கந்தகமும் சும்மா போவதில்லை; அதே பி450 மீது ஒட்டிக்கொண்டு அதையும் கெடுக்கிறது. ஆக்சானை உடைக்க பாராக்சோனேஸ் என்று ஒரு நொதியைக் கல்லீரல் செய்து தருகிறது. அதன் அளவும் வேகமும் மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். அதனால் பக்கத்துக் காட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து நமக்கும் ஆகாது என்று கணக்குப் போட முடியாது.

“எனக்கெல்லாம் பழகிடுச்சுங்க” என்பார்கள். பழகுவது வாசனைதான். மருந்து திரும்பத் திரும்ப உள்ளே போகும்போது, அதில் சில வகைகள் கல்லீரல் செல்லின் உட்கருவில் உள்ள ஏற்பிகளைத் தூண்டி பி450 நொதிகளை இன்னும் அதிகமாகச் செய்ய வைக்கின்றன. அந்த நொதிகள் வேலை செய்யும்போது செல்லைக் கெடுக்கிற சூப்பர் ஆக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கசியும். இவற்றை அடக்குவது செல்லே செய்துகொள்ளும் குளூட்டாதயோன் என்ற பொருள். அது கைச்செலவுக்கு வைத்திருக்கும் காசு மாதிரி. வரும் வேகத்தைவிடச் செலவு கூடினால் காலி. அப்புறம் செல் சவ்வின் கொழுப்பு ஒன்றையடுத்து ஒன்றாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா ஓட்டையாகிறது, செல் சாகிறது. ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதியின் அளவு ஏறுவது, செத்த செல்களிலிருந்து அது கசிவதால்தான்.

இந்த நிலையில், அலுப்புத் தீர சாயங்காலம் ஒரு குவார்ட்டர், தலைவலிக்கு ஒரு பாராசிட்டமால். பாராசிட்டமால் அளவோடு போட்டால் நல்ல மாத்திரைதான். ஆனால் அதன் ஒரு பகுதியை இதே பி450 நொதிகள் நச்சாக மாற்றுகின்றன. அந்த நச்சை முறிப்பதும் குளூட்டாதயோன்தான். தினமும் குடிப்பவருக்கு அந்த நொதி கூடியிருக்கும், குளூட்டாதயோன் குறைந்திருக்கும். அதோடு மருந்து அடித்த பிறகு வரும் தலைவலி சில சமயம் விஷத்தின் முதல் அறிகுறி. மாத்திரை போட்டு அதை மறைப்பது இன்னொரு தவறு.

பூச்சிமருந்துக் கடையில் சொன்னார்கள் என்று இரண்டு மூன்றை ஒரே டேங்கில் கலக்கிற பழக்கத்துக்கு நான் ரொம்பவே எதிரி. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகளை உடைப்பது கல்லீரலின் கார்பாக்சிலெஸ்டரேஸ் என்ற நொதி. குளோர்பைரிபாஸின் ஆக்சான் அந்த நொதியைப் பூட்டிவிடும். அதனால் பைரித்ராய்டு உடம்பில் கூடுதல் நேரம் தங்குகிறது. பூச்சி நன்றாகச் சாவதற்கும் ஓரளவு இதே பூட்டுதான் காரணம்!

பழைய மருந்தில் வீரியம் குறைந்திருக்கும், கூட ஊற்றலாம் என்பதும் ஆபத்தான நினைப்பு. 1976-ல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக மாலத்தியான் என்ற பூச்சிமருந்தை அடித்த சுமார் 7,500 பேரில் ஏறக்குறைய 2,800 பேருக்கு விஷம் ஏறியது. குறைந்தது 5 பேர் இறந்தார்கள். மனிதர்களுக்கு மாலத்தியான் ஓரளவு லேசாக இருப்பதற்குக் காரணமே அந்தக் கார்பாக்சிலெஸ்டரேஸ்தான். இருப்பில் கிடந்த மருந்தில் உருவாகியிருந்த ஐசோமாலத்தியான் அதைத் தடுத்துவிட்டது. சூடு இந்த மாற்றத்தை வேகப்படுத்தும். சேலத்துச் சித்திரை வெயிலில், தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமில் கிடக்கும் டப்பாக்களை நினைத்துப் பாருங்கள்.

வாயில் படாவிட்டால் போதும் என்று மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்பவர்கள், முதுகில் ஒழுகும் டேங்கைக் கவனிப்பதில்லை. முன்கையைவிட நெற்றியும் தொடை இடுக்கும் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும். ஒழுகல் முதுகு வழியே இறங்கி நிற்பது அந்த இடுக்கில்தான். நனைந்த துணியை உடனே கழற்றிவிட்டு சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். நாசில் அடைத்தால் வாயால் ஊதவே கூடாது.

டப்பாவில் பச்சை முக்கோணம் இருந்தால் பயமில்லை என்பார்கள். அந்த நிறம், ஒரே தடவையில் எவ்வளவு உள்ளே போனால் உயிர் போகும் என்ற கணக்கை வைத்து வருவது. வருஷக்கணக்கில் ஈரலுக்கு என்ன ஆகும் என்பதை அது சொல்லாது.

பரிசோதனையிலும் ஒரு குழப்பம் உண்டு. விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ரத்தத்தில் அளக்கிற சீரம் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி கல்லீரலிலேயே உருவாவது. ஈரல் கெட்டிருந்தால், மருந்து படாமலே அது குறைவாகக் காட்டும். அதனால் மா பூக்கிற தை மாத அடிப்புக்கு முன்பே ஒரு தடவை எடுத்து வைத்துக்கொண்டால்தான், பிறகு எடுப்பதை ஒப்பிட முடியும்.

மயக்கமோ வாந்தியோ வந்தால் பால், மோர், கீழாநெல்லி என்று நேரத்தைப் போக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்து டப்பாவையும் எடுத்துப் போக வேண்டும். குளோர்பைரிபாஸ், மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் என்றால் அட்ரோபின் என்ற முறிவு மருந்து இருக்கிறது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு முறிவு மருந்தே கிடையாது. செல்லுக்குள் ஆக்சிஜனைத் திரும்பத் திரும்பச் சூப்பர் ஆக்சைடாக்குவதுதான் அதன் வேலை. அது விழுங்கியவருக்கு, தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுப்பதுகூடக் கெடுதல். எந்த மருந்து என்று தெரியாமல் டாக்டரால் அதை முடிவு செய்ய முடியாது.