'ரிடியூஸ்': குறைவதும் குறைப்பதும்

கொழும்பில் தமிழ் மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும்போது, 'ரிடியூஸ்' என்னும் வினைச்சொல்லில் ஒரு பிழை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. விலை குறைந்தது என்று சொல்ல நினைப்பவர் 'த பிரைஸ் ரிடியூஸ்ட்' என்று எழுதிவிடுகிறார். தமிழில் குறைதல் வேறு, குறைத்தல் வேறு என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். விலை குறைகிறது, வியாபாரி அதைக் குறைக்கிறார். 'ரிடியூஸ்' பெரும்பாலும் குறைத்தலுக்கே உரியது. ஆகவே 'த பிரைஸ் வாஸ் ரிடியூஸ்ட்' என்றோ, குறைதலைச் சொல்லும் 'ஃபெல்', 'டிக்ரீஸ்ட்' ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டோ எழுத வேண்டும். அடுப்பில் குழம்பு வற்றுவதைச் சொல்வது போன்ற சில இடங்களில் அது தன்வினையாகவும் இயல்பாக வரும்.

கொழும்பின் புறக்கோட்டைக் கடைத்தெருவில் பேரம் பேசிவிட்டு வந்தவர் "200 ரூபா குறைத்தார்" என்பார். அதை அப்படியே 'ஹி ரிடியூஸ்ட் 200 ருபீஸ்' என்று பெயர்ப்பது தவறு, ஏனெனில் குறைக்கப்பட்டது விலையே அன்றி அந்த 200 ரூபா அன்று. 'ஹி ரிடியூஸ்ட் த பிரைஸ் பை 200 ருபீஸ்' என்பதே சரி. இங்கே 'பை' என்பதையும் 'டு' என்பதையும் மாற்றி எழுதினால் கணக்கே பிழைத்துவிடும்: 500 ரூபாப் பொருளின் விலையை 'பை 200' குறைத்தால் 300 ரூபா, 'டு 200' குறைத்தால் 200 ரூபா. நமது செய்தித்தாள்கள் எரிபொருள் விலை '20 ரூபாவால் குறைப்பு' என்று எழுதுகின்றன அல்லவா, அந்த 'ஆல்' உருபே ஆங்கிலத்தின் 'பை'; '200 ரூபாவாக' என்பதன் 'ஆக'வே 'டு'. இவ்வளவு தெளிவான வழிகாட்டி நம் மொழியிலேயே இருக்க, மாணவர்கள் விதிகளை மனனம் செய்து குழம்புவது எனக்கு உண்மையில் வருத்தம் தருகிறது.

பெயர்ச்சொல்லாக வரும்போது 'ரிடக்‌ஷன் இன் பிரைஸ்' என எழுதுவதே வழக்கம். உடல் மெலிவதைச் சொல்ல 'ரிடியூஸ் வெயிட்' என்பதைவிட 'லூஸ் வெயிட்' என்பதே இயல்பான வழக்கு.

மருத்துவமனையில் இச்சொல்லைக் கேட்பவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். லத்தீனில் இதன் மூலப்பொருள் 'மீண்டும் இட்டுச்செல்லுதல்' என்பதாகும். ஆதலால் முறிந்த எலும்பை 'ரிடியூஸ்' செய்ததாக மருத்துவர் கூறினால், எலும்பில் எதையும் குறைக்கவில்லை, விலகியதை உரிய இடத்தில் திரும்பப் பொருத்தியிருக்கிறார் என்று பொருள்.