‘சீட்’ என்று எழுதும் முன்

ஏற்றுமதி நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், அனுப்புவதற்கு முன் ஒரு மெயிலை என்னிடம் காட்டினார். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் சரக்கு வேண்டாம் என்றுவிட்டாராம். ‘யூ ஹேவ் சீட்டட் (cheated) அஸ்’, அதாவது ‘எங்களை ஏமாற்றிவிட்டீர்கள்’ என்று எழுதியிருந்தார். நல்லவேளை, அனுப்பவில்லை.

தப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், நம் ‘ஏமாற்று’ என்ற சொல்லிலிருந்துதான். ‘கல்யாணத்துக்கு வரேன்னு சொல்லி ஏமாத்திட்டியே’ என்று உரிமையோடு கோபித்துக்கொள்கிறோம். அதில் மோசடி எதுவும் இல்லை, மனவருத்தம்தான். ஆங்கிலத்தில் அதற்கு ‘லெட் டவுன்’ என்பார்கள்: ‘யூ லெட் மீ டவுன்’. ‘சீட்’ என்பது நேர்மையைக் குறைசொல்லும் சொல். நம் ஊரில் ‘ஃபோர் ட்வென்டி’ என்று திட்டுகிறோமே, இந்திய தண்டனைச் சட்டத்தின் அந்த 420ஆம் பிரிவு ‘சீட்டிங்’ பற்றியதுதான். 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் இருக்கிறது. ஆர்டரை ரத்து செய்தவர் மேல் அந்தப் பழியைப் போடலாமா?

அவர் செய்தது ‘பேக் அவுட்’, அதாவது பின்வாங்கல். ‘யூ பேக்ட் அவுட் ஆஃப் த ஆர்டர்’ என்று மாற்றினோம். ‘ஆஃப்’ விட்டுப்போகக் கூடாது.

இதைவிட ஆபத்தானது ‘சீட்’டோடு ‘ஆன்’ சேர்ப்பது. தொழில் கூட்டாளி பணத்தைச் சுருட்டிவிட்டார் என்று சொல்ல நினைத்து ‘மை பார்ட்னர் சீட்டட் ஆன் மீ’ என்றால், கேட்பவர் உங்கள் துணைக்கு வேறொருவரோடு தொடர்பு என்றுதான் புரிந்துகொள்வார். ‘சீட்டட் மீ’ போதும்.

வாக்கு மாறுவதற்கோ ‘ஆன்’ வேண்டும்: ‘ஹி வென்ட் பேக் ஆன் ஹிஸ் வேர்ட்’. ‘ஹி வென்ட் பேக்’ என்று நிறுத்தினால் ஆள் திரும்பிப் போய்விட்டார் என்று ஆகிவிடும். அதே பொருள் தரும் ‘ரெனீக்’ (renege) என்ற சொல்லுக்கும் ‘ஆன்’தான். எழுத்தைப் பார்த்து அதை ‘ரெனீஜ்’ என்கிறார்கள். கடைசி ஒலி ‘க்’.

‘பிட்ரே’ எனக்குப் பிடித்த சொல். நம் ‘காட்டிக்கொடு’ போலவே அதற்கும் இரண்டு முகம். நண்பனை எதிரியிடம் காட்டிக்கொடுப்பதும் ‘பிட்ரே’, ‘பயத்தை அவன் குரலே காட்டிக்கொடுத்துவிட்டது’ என்பதும் ‘பிட்ரே’. ‘ஹி பிட்ரேட் மீ’ என்று நேராகச் சொல்ல வேண்டும். நடுவில் ‘டு’ போடுவது தவறு. நல்ல சம்பளம் கிடைத்து வேலை மாறிய சக ஊழியரைப் பற்றி இப்படி எழுதாதீர்கள், துரோகம் பெரிய சொல்.

‘டிஃபெக்ட்’ நாடோ கட்சியோ விட்டு எதிர்ப்பக்கம் சேர்வது. 1961இல் பாரிஸ் விமான நிலையத்தில் சோவியத் நடனக் கலைஞர் ருடால்ஃப் நூரியெவ் செய்தது அது. நம் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் இதே சொல்தான். வினையாகச் சொல்லும்போது அழுத்தம் ‘ஃபெக்ட்’ மேல்.

‘வெல்ஷ் ஆன்’ என்று பழைய அகராதிகளில் பார்த்திருப்பீர்கள், பந்தயக் கடனைக் கொடுக்காமல் நழுவுவது. வேல்ஸ் நாட்டு மக்களை இழிவுபடுத்துவதாக அவர்கள் வருந்துகிறார்கள். அதைத் தொடவே வேண்டாம். ‘ரெனீக் ஆன்’ இருக்கிறது.