சாம்பிள் நூலகத்துக்கு எந்த மென்பொருள்? உங்கள் 200 சத்தங்களை வைத்துச் சோதியுங்கள்

வளசரவாக்கத்தில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பாடல்களுக்கு ரிதம் புரோகிராமிங் செய்கிறேன். பாட்டில் எடுத்துப் போடும் சின்னச் சின்ன ஒலித் துண்டுகளைத்தான் சாம்பிள் என்கிறோம். என் எஸ்எஸ்டியில் (சுழலாத, வேகமான டிரைவ்) இன்றைய கணக்குக்கு அப்படி 61,000 ஒலிக்கோப்புகள். அதில் நானே ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவை 3,400: பறை, உருமி, தவில், பம்பை, கஞ்சிரா, கடம், கொஞ்சம் கொன்னக்கோல் (வாயால் சொல்லும் தாளச் சொற்கள்). மீதியெல்லாம் விலைக்கு வாங்கிய சாம்பிள் தொகுப்புகள் (பேக்குகள்), சந்தாவில் இறக்கியவை, எங்கிருந்து வந்தன என்றே மறந்துபோனவை.

இசையமைப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த உருமி இழுப்பு இருக்கே, கொஞ்சம் கனமா, அழுத மாதிரி, அது போடுங்க" என்று கேட்பார். அரை நிமிடத்துக்குள் அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் வந்தாக வேண்டும். நான் ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து தேடிக்கொண்டிருந்தால் அவர் மனதில் ஓடிய தாளம் அதற்குள் போய்விடும். பாட்டுக்கு அது பெரிய நஷ்டம். அதனால்தான் சாம்பிள்களை அடுக்கவும் தேடவும் எந்த மென்பொருள் என்று யார் கேட்டாலும் உட்கார்ந்து விலாவாரியாகச் சொல்கிறேன்.

முதலில் நான் இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடம் ஒரு மென்பொருளில் ஒவ்வொரு கோப்பாகக் கேட்டு டேக் போட்டேன். கனம், வறட்டுச் சத்தம், கோயில் வெளி, மழைக்குப் பிறகு என்றெல்லாம் என் காதுக்குப் பட்ட வார்த்தைகள். அதைச் செய்தவர்கள் ஒருநாள் அதை நிறுத்திவிட்டார்கள். கணினி மாற்றியபோது அது புதியதில் திறக்கவில்லை. ஒலிகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. நான் எழுதியதில் ஒரு வார்த்தைகூட மிஞ்சவில்லை. டேக் எதுவும் ஒலிக்கோப்புக்குள் போகவே இல்லை. எல்லாம் அந்த மென்பொருளின் சொந்த டேட்டாபேஸில் மட்டுமே இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆகவே, ஒரு மென்பொருளை இறக்கியதும் அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஐந்து கோப்புகளுக்கு டேக், நட்சத்திரம், ஒரு வரிக் குறிப்பு போடுங்கள். மென்பொருளை மூடுங்கள். அந்த ஐந்தையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வேறு கணினிக்குப் போய், வேறு மென்பொருளில் திறங்கள். நான் ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளின் மீடியா எக்ஸ்ப்ளோரரில் திறப்பேன். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்க அனுமதி உண்டு, கோப்புக்குள் இருக்கும் குறிப்புகளை வரிசையாகக் காட்டும். நீங்கள் எழுதியது அங்கே தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால், டேக்குகளையெல்லாம் ஒரு சிஎஸ்வி கோப்பாக (எளிய பட்டியல் கோப்பு) வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் அந்த மென்பொருளைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பை அதற்குள் கொட்டாதீர்கள்.

பிறகு ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு மென்பொருளை மறுபடி திறங்கள். கோப்புகளைத் தானே கண்டுபிடிக்கிறதா, காணவில்லை என்று கைவிரிக்கிறதா? வெளி டிஸ்க்கில் நூலகம் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனை ரொம்ப முக்கியம்.

வேவ் கோப்புக்குள் குறிப்பு எழுத இடம் உண்டு. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997-ல் வகுத்த பிராட்காஸ்ட் வேவ் முறையில் விவரணைக்கு 256 எழுத்து இடம் இருக்கிறது. ஆனால் அது ஆஸ்கிக்கு, அதாவது அடிப்படை ஆங்கில எழுத்து, எண், குறிகளுக்கு மட்டும். அதனால் என் குறிப்புகள் தமிழ்ச் சொற்களே ஆனாலும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். கோப்புப் பெயரும் அப்படியே: வாத்தியம், அடி, சுருதி அல்லது வேகம், பதிவு செய்த ஊர், எண். எல்லா மென்பொருளும் கைவிட்டாலும் பெயரை வைத்துத் தேடலாம். சினிமா சவுண்ட் எஃபெக்ட்ஸ் ஆட்கள் இதில் நம்மைவிடப் பல வருடம் முன்னே இருக்கிறார்கள். சவுண்ட்மைனர் போன்ற அவர்களுடைய மென்பொருள்கள் குறிப்பைக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடும். யூசிஎஸ் என்று 82 முதன்மைப் பிரிவுகள் கொண்ட பொதுவான பெயரிடும் முறையும் அவர்களிடம் இருக்கிறது. நானும் அதை முயன்று பார்த்தேன். ஆனால் பறை, உருமி, பம்பை எல்லாம் அதில் 'பெர்கஷன்' என்ற ஒரே இழுப்பறைக்குள் போய் விழுகின்றன. நம் வாத்தியங்களுக்கு நாம்தான் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி தேடும் முறை. நீங்கள் எப்படித் தேடுபவர் என்பதைப் பொறுத்துத்தான் மென்பொருள். பெயரும் டேக்கும் அடித்துத் தேடுபவர் என்றால், இலவசமாகக் கிடைக்கும் ஏடிஎஸ்ஆர் சாம்பிள் மேனேஜரில் தொடங்கலாம். தனியாகவும் ஓடும், பாட்டு அமைக்கும் மென்பொருளுக்குள் பிளகினாகவும் ஓடும். எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு 21-ஆம் பதிப்பிலிருந்து அதன் பிரவுசரிலேயே (கோப்பு தேடும் பகுதி) டேக் வசதி உண்டு. பத்தாயிரம் கோப்புக்குக் கீழே என்றால் அதுவே போதும். புதிதாக எதையும் தேடிப்போக வேண்டாம்.

"இதே மாதிரி இன்னொன்று" என்று தேடுபவர் என்றால் விஷயம் வேறு. நான் அந்த வகை. சோனோனிம், எக்ஸ்எல்என் ஆடியோவின் எக்ஸ்ஓ, ஆல்கோநாட்டின் அட்லஸ், வேவ்ஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் காஸ்மோஸ், ஏபிள்டன் லைவ் 12 என்ற இசை மென்பொருளுக்குள்ளேயே வரும் ஒத்த ஒலித் தேடல் எல்லாம் இதற்காக. ஒவ்வொரு ஒலியையும் இவை அளந்து எண்களாக்குகின்றன: எவ்வளவு பிரகாசம், எவ்வளவு இரைச்சல், எவ்வளவு வேகமாக எழுந்து எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று. எண்கள் நெருக்கமாக இருந்தால் சத்தமும் நெருக்கம் என்று கணக்கு. அந்த நூற்றுக்கணக்கான எண்களைத் தட்டையான ஒரு வரைபடமாகச் சுருக்கி, ஒத்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் புள்ளிகளாக வைப்பதும் உண்டு. எக்ஸ்ஓவும் அட்லஸும் அப்படி. ஒற்றை அடிகளுக்கு அவை அருமை, டிரம் செட்டின் கிக், ஸ்னேர் மாற்றி மாற்றிக் கேட்கும்போது கை தானாக ஓடும். லூப்புகளுக்கு (திரும்பத் திரும்ப ஓடவிடும் துண்டுகள்) அவை ஆகாது. சோனோனிம் ஒற்றை அடி, லூப் இரண்டையும் எடுத்துக்கொள்ளும், லினக்ஸிலும் ஓடும், ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம். ஒற்றுமையை எந்த அம்சத்தில் பார்ப்பது, சுருதியிலா, நாதத்திலா, ஒலியின் எழுச்சி அடக்கத்திலா என்று நாமே கூட்டிக் குறைக்கலாம். எனக்கு அது பிடித்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இந்த வரைபடத் தேடல் ஒருமுறை எனக்குக் கொடுத்த பரிசை மறக்க முடியாது. உருமியின் இடது முகத்தில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்த்து எழுப்பும் அந்த முனகலை, வழுக்கிப்போகும் ஒரு சிந்த் பேஸ் (சிந்தசைசரின் கீழ்நாதம்) பக்கத்தில் அந்த வரைபடம் வைத்திருந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டேன். எந்தப் பேக்கிலும் கிடைக்காத அடித்தளம் கிடைத்தது. ஃபோல்டரில் தேடியிருந்தால் இந்த இரண்டும் எந்தக் காலத்திலும் சந்தித்திருக்காது.

ஆனால் இவை தானாகப் போடும் பெயர்களை நம்பாதீர்கள். தவில் வலந்தலையில் (வலது முகம்) கூடு, அதாவது கடினமான விரலுறை, போட்ட விரல் அடியை ஒரு மென்பொருள் ஸ்னேரின் விளிம்போடு அடிக்கும் ரிம்ஷாட் என்றது. நெருப்பில் காய்ச்சிய பறையில் மெல்லிய சுண்டுக்குச்சி அடியைக் கைதட்டல் என்றது. மேற்கத்திய டிரம் செட்டை வைத்துப் பழகிய கணக்குக்கு அதற்குமேல் தெரியாது. ஒற்றுமைத் தேடல் ஓரளவு நம் பக்கம் நிற்கும், பெயரிடுதல் நிற்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்திலும் இதே சிக்கல். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் வாசித்த திஸ்ர நடை (தட்டுக்கு மூன்று) லூப்பை 180 என்றோ 80 என்றோ குறித்துவிடும். லூப்கிளவுட் போன்ற மென்பொருள்கள் பாட்டின் வேகத்துக்கும் கீக்கும் (மேற்கத்திய முறையில் சுருதியும் மேஜர், மைனர் வகையும்) ஏற்றபடி லூப்பை வளைத்துக் கேட்கவைக்கும். அற்புதமான வசதி, ஆனால் ஆதார எண் தப்பாக இருந்தால் வளைத்ததும் தப்பாகத்தான் இருக்கும். எண்ணைக் கையால் திருத்தவும், திருத்தியதை அது மறுபடி மாற்றாமல் இருக்கவும் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

கீ விஷயம் இன்னும் சுவாரசியம். சி சுருதியில் வாசித்த மாயாமாளவகௌளை லூப்பை எஃப் மைனர் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைக் குறை சொல்லவும் முடியாது. அந்த ராகத்தின் ஏழு சுரங்களில் ஆறு எஃப் ஹார்மானிக் மைனரிலும் இருக்கின்றன. நிஷாதம் மட்டும்தான் வேறு. மேஜர், மைனர் என்ற இரண்டு அறைகளை மட்டும் வைத்திருப்பவரிடம் ராகத்தைக் கொடுத்தால் ஏதோ ஒன்றில் தள்ளத்தான் செய்வார். அதனால் மெலடி சாம்பிள்களுக்குக் சுருதியைச் சொல்லும் நம் கட்டைக் கணக்கை நானே பெயரில் எழுதிவிடுகிறேன்: ஒரு கட்டை சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று ஈ, நான்கு எஃப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ, ஆறரை ஏ ஷார்ப், ஏழு பி. மிருதங்கத்துக்கும் கடத்துக்கும்கூட இது வேண்டும். ஐந்து கட்டைப் பாட்டில் நாலரைக் கட்டை மிருதங்கத்தைப் போட்டால் பாடகி நிமிர்ந்து பார்ப்பார்.

கேட்கும் வேகத்தையும் சோதியுங்கள். கீழ் அம்புக்குறியை அழுத்த அழுத்த அடுத்த சத்தம் தயக்கமில்லாமல் ஒலிக்க வேண்டும். கால் விநாடி தாமதம் நூறு கோப்பில் எரிச்சலாகிவிடும். எல்லாவற்றையும் ஒரே அளவு உரக்க ஒலிக்கவைக்கும் வசதி இருக்கட்டும், தேவைப்படாதபோது அணைக்கவும் முடியட்டும். உரக்கக் கேட்பது நல்ல சத்தம் போலத் தோன்றும். காது எளிதில் ஏமாந்துவிடும். பிடித்ததை இழுத்து நேராக டிராக்கில் போட முடிய வேண்டும். இதெல்லாம் சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கில் நடக்காது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் பதிந்த ஸ்டீரியோ ஒலி நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி. ஒரு டிபி எஸ்எஸ்டியில் 960 மணி நேரம் அடங்கும். மென்பொருள் எல்லாக் கோப்பையும் அளந்து பார்க்கும் முதல் அலசலை இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள்.

இதையெல்லாம் முழு நூலகத்தை வைத்துச் சோதிக்க வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த 200 கோப்புகளைத் தனி ஃபோல்டரில் போடுங்கள்: ஐம்பது ஒற்றை அடிகள், ஐம்பது லூப்புகள், ஐம்பது மெலடித் துண்டுகள், மீதி ஐம்பது வகைப்படுத்தவே முடியாத சத்தங்கள். அதில் வேண்டுமென்றே பத்து இரட்டைப் பிரதிகளையும் சேருங்கள், கண்டுபிடிக்கிறதா பார்ப்போம். ஒவ்வொரு மென்பொருளிலும் இதே 200. அரைநாளில் உங்களுக்கு எது ஒத்துவரும் என்று தெரிந்துவிடும்.

உரிமத்தையும் டேக்காகப் போட முடிய வேண்டும். பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். பார்சலோனாவின் பொம்பெயு ஃபப்ரா பல்கலைக்கழகம் 2005-ல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் இணையதளத்தில் அள்ள அள்ளச் சத்தம் கிடைக்கும். ஆனால் சில எந்த நிபந்தனையும் இல்லாதவை, சில பெயர் குறிப்பிட வேண்டியவை, சில வணிகப் பயன்பாட்டுக்கே கூடாதவை. இறக்கும்போது குறித்து வைக்காவிட்டால், படம் வெளியாகும் வாரம் அதைத் தேட வேண்டிவரும். மூலம் தெரியாத கோப்புகளை நான் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டேன். கேட்டு ரசிப்பேன், பாட்டில் போடுவதில்லை.

கடைசியாக, பதிவு செய்பவர்களுக்கு மட்டும் ஒன்று. திண்டுக்கல் பக்கம் ஒரு பறைக் கலைஞரைப் பதிவு செய்தபோது, ஒவ்வொரு அடிக்கும் முன்பு அதன் பெயரை அவரையே மைக்கில் சொல்லச் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டு, "சூடு இறங்கிருச்சு தம்பி, காய்ச்சிட்டு வந்துடுறேன்" என்றார். "சரிண்ணே, நெருப்புகிட்டயே மைக்க வச்சிடட்டுமா?" என்றேன். அன்றைய கோப்புகளில் காய்ச்சுவதற்கு முன்பு, பிறகு என்ற இரண்டு டேக்குகள் இருப்பது அவரால்தான். ஒரே அடி, ஒரே கை, ஆனால் இரண்டும் வெவ்வேறு வாத்தியம் போலக் கேட்கும். அவர் பேசிய பகுதியை வெட்டி எறியவில்லை. அந்த ஃபோல்டரில் 00 என்று தொடங்கும் பெயரில் வைத்திருக்கிறேன், எந்த மென்பொருளில் திறந்தாலும் முதலில் அவர் குரல் வரும்படி.