ரயில் குறைந்த நாட்களில் கொடிகாமத்தில் பஸ் பிடிப்பது எப்படி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகிழக்கே இருக்கும் வடமராட்சிக்கு ரயில் பாதை கிடையாது. ஆனையிறவைக் கடந்து வரும் தண்டவாளம், கொடிகாமம் இருக்கும் தென்மராட்சி வழியாக யாழ்ப்பாணம் போய், அங்கே வடக்கே திரும்பி, வலிகாமத்தின் நடுவே ஓடிக் காங்கேசன்துறையில் முடிகிறது. வடமராட்சி மந்திகையில் வீடு, கிளிநொச்சியில் கந்தோர் என்று வாழும் என்னைப் போன்றவர்களுக்கு ரயில் என்றாலே பாதி பஸ்தான்.

அந்த ரயிலும் எப்போதும் ஒரே அளவில் ஓடுவதில்லை. 2023 ஜனவரியில் அநுராதபுரம்–வவுனியா பாதையைத் திருத்த வேலைக்காக மூடினார்கள். 2024 ஜனவரியில் மஹவ–அநுராதபுரம் பகுதியை மூடினார்கள். வேலைநிறுத்தம், வெள்ளம் என்று இடையிடையே வேறு காரணங்களும் வரும். இப்படியான காலங்களில் அக்கம்பக்கத்தார் என்னிடம் வழி கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது போகும் ரயிலை அல்ல, வீட்டுக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸை. கொடிகாமத்திலிருந்து பருத்தித்துறைப் பக்கம் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று தெரிந்த பிறகுதான் எந்த ரயிலில் திரும்பலாம் என்பதை முடிவு செய்யுங்கள். ரயில் பிந்தினால் பஸ் காத்திருக்காது. வரணியைத் தாண்டி முள்ளிப் பக்கம் போகும் பாதையில் இருட்டிய பிறகு ஆளரவமே இருக்காது. அந்த நேரத்தில் ஓட்டோ கிடைத்தாலும் கேட்கும் காசு ரயில் டிக்கெட்டை விடக் கூடவாக இருக்கும். ஆகவே கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸை உங்களுடைய பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ் கைகாவலுக்கு இருக்கட்டும்.

பஸ் நேரத்தை இரண்டு இடங்களில் கேளுங்கள். ஒருவர் பஸ் நிலையத்து நேரக்கணிப்பாளர், மற்றவர் சந்தியில் தேநீர்க்கடை வைத்திருப்பவர். முன்னவருக்கு வண்டி புறப்பட வேண்டிய நேரம் தெரியும். பின்னவருக்கு அது உண்மையில் வந்து சேரும் நேரம் தெரியும். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் பெரும்பாலும் நேரத்தைப் பிடித்து ஓடும். தனியார் மினிபஸ் ஆள் சேரும் வரை நின்று நிரப்பிக்கொண்டுதான் நகரும். ரயிலைப் பிடிக்கப் போகும்போது இ.போ.ச. பஸ்ஸையே நம்புங்கள். திரும்பி வரும்போது எது முதலில் வருகிறதோ அதில் ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமி விடுமுறையான போயா தினமும் ஓட்டங்கள் குறையும், அந்த நாட்களுக்கான நேரத்தைத் தனியாகக் கேட்க வேண்டும்.

கொழும்பிலிருந்து வரும் வடமராட்சிக்காரர் பலர் யாழ்ப்பாணம் வரை போய், அங்கிருந்து நெல்லியடி வழியாக ஓடும் 750 பஸ்ஸில் ஏறித் திரும்பி வருகிறார்கள். இது வீண் அலைச்சல். கொழும்புப் பக்கமிருந்து வரும்போது கொடிகாமம் முதலில் வருகிறது. அங்கே இறங்கினால் சந்தி நடைதூரம். புலோலி–கொடிகாமம் வீதியால் நேரே வடக்கே வந்துவிடலாம். ஒரு காலத்தில் சந்தைக்குத் தேங்காயும் மாங்காயும் ஏற்றிக்கொண்டு தட்டிவான் என்ற பழைய பலகை வண்டி ஓடிய வீதி இது. சந்தை வியாபாரிகளின் சாக்குகளும் கடகங்களும் இன்றும் பஸ்ஸில் உங்களோடு வரும், ஆகையால் பெரிய பயணப்பெட்டியோடு சந்தை கலையும் நேரத்தில் ஏற வேண்டாம். ரயில் டிக்கெட் எடுக்கும்போதே நீங்கள் ஏறும் வண்டி கொடிகாமத்தில் நிற்குமா என்று கேட்டுவிடுங்கள். சில விரைவு வண்டிகள் சின்ன நிலையங்களில் நிற்பதில்லை. இரவுத் தபால் வண்டியில் வருகிறவர்கள் விடியப்புறம் முதல் பஸ் வரும்வரை நிலையத்திலேயே இருப்பது நல்லது.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கொடிகாமத்தில் இறங்குவது இன்னும் பயன் தரும். அந்த 25 நாட்களும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்பட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு வரும் பஸ்கள் சுற்றுப் பாதையில் ஓடும்.

வடமராட்சி கிழக்குக்காரர்களுக்குப் பளையில் இறங்குவது கிட்ட. புதுக்காட்டுச் சந்தியால் மருதங்கேணிக்குப் போகும் பஸ்கள் குறைவு என்பதால், முதல் நாளே நேரத்தை உறுதிப்படுத்தாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். வலிகாமத்தவருக்கு இந்தக் கவலை இல்லை. கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று காங்கேசன்துறை வீதியும் தண்டவாளமும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ரயில் இல்லாவிட்டால் வீதிக்கு வந்து 769 பஸ்ஸை மறிக்கலாம். தீவகத்துக்குப் போகிறவர்கள் யாழ்ப்பாண நிலையத்திலிருந்து மத்திய பஸ் நிலையத்துக்கு நடந்து போய், 776 இலக்க பஸ்ஸில் குறிகட்டுவான் போகலாம். ஆனால் நயினாதீவுப் படகு நேரத்தை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ரயிலே இல்லாத நாளில் என் வழி, யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போகும் ஏ–9 நெடுஞ்சாலைதான். கொடிகாமம் சந்தியில் நின்றால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கொழும்பு பஸ்ஸுக்குக் கைகாட்டினால் நிறுத்தலாம், ஆனால் முழுத்தூரக் கட்டணம் கேட்கும் வண்டியும் உண்டு. "அண்ணை, கிளிநொச்சிக்கு எவ்வளவு?" என்று படியில் கால் வைக்க முன்னர் கேளுங்கள். "பின்னால் வவுனியா பஸ் வருகிறது, அதில் ஏறுங்கள் தங்கச்சி" என்று நல்ல நடத்துநர் அவராகவே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர்களின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மழைநாளில் வண்டி எங்கே வருகிறது என்று கேட்க அதைவிட நல்ல வழி இல்லை. மாதம் முழுவதும் போய்வருகிறவர்கள் ரயில் பருவச்சீட்டைப் பையிலேயே வைத்திருங்கள். ரயில் வேலைநிறுத்த நாட்களில் அதைக் காட்டி இ.போ.ச. பஸ்ஸில் போகலாம் என்று அறிவிப்பு வருவதுண்டு.

பஸ் நின்ற காலத்தில் ரயில் கைகொடுத்ததும் உண்டு. 2022இல் எரிபொருள் இல்லாமல் ஊரே முடங்கியபோது, காங்கேசன்துறைக்கும் முறிகண்டிக்கும் இடையே யாழ் ராணி ரயில் ஓடத் தொடங்கியது. கிளிநொச்சியில் வேலை செய்யும் எங்களுக்கு அது பெரிய ஆறுதல். ரயில் நேரமும் பஸ் நேரமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ரயில் வந்து 10 நிமிடத்தில் ஒரு பஸ் புறப்பட்டால் எத்தனை ஆசிரியர்கள், எத்தனை தாதியர் வெளிச்சத்தோடு வீடு சேர்வார்கள்! உங்கள் பிரதேச செயலகத்துக்கும் இ.போ.ச. சாலைக்கும் (டிப்போவுக்கும்) எழுதுங்கள். எந்த ரயில், எந்த பஸ், எத்தனை நிமிட இடைவெளி என்று குறிப்பாக எழுதுங்கள்.

பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் தண்டவாளத்தின் மேலால் நடந்து குறுக்கே போகாதீர்கள். காவலில்லாத கடவைகளில் எங்கள் பகுதி இழந்த உயிர்கள் அதிகம். நிலைய வாசலால் வெளியே வந்து வீதியால் நடந்து போங்கள். அந்த பஸ் போய்விட்டால் அடுத்ததுக்கு நில்லுங்கள்.