மெழுகு முத்திரையைத் தொடும் முன்: கியூவில் முதல் நாள்

லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் 700, 800 வருடப் பழைய கடிதத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். அதற்கு முனைவர் பட்டமெல்லாம் தேவையில்லை. வாசகர் அட்டை இருந்தால் போதும், அதுவும் இலவசம்.

படி 1: வீட்டிலேயே தேடுங்கள்
காப்பகத்தின் இணையப் பட்டியலில் தேடி, ஆவணத்தின் குறியீட்டை எழுதிக்கொள்ளுங்கள். 'எஸ்சி 1' இடைக்கால அரசவைக் கடிதங்கள். பெரும்பாலும் லத்தீனும் பழைய பிரெஞ்சும்தான். 'எச்சிஏ 30' வரிசையில் போர்க்காலத்தில் பிடிபட்ட கப்பல்களின் தபால்கள் இருக்கின்றன. 1758இல் பிடிபட்ட பிரெஞ்சுக் கப்பல் 'கலாத்தே'யின் மாலுமிகளுக்கு வீட்டார் எழுதிய நூற்றுச் சொச்சம் கடிதங்கள் உரியவர் கைக்குப் போகாமலே இந்தக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன, ஆனால் அவை வேறொரு வரிசையில் இருக்கின்றன.

படி 2: பையைக் காலி செய்யுங்கள்
அடையாளச் சான்று, முகவரிச் சான்று, பென்சில். அவ்வளவுதான். பேனாவுக்கு அனுமதி இல்லை. சட்டைப்பையில் மறந்துபோன பேனாவோடு வாசலில் அசடு வழிந்தவன் சொல்கிறேன்.

படி 3: கையுறை வேண்டாம்
சினிமாவில் வெள்ளைக் கையுறை பார்த்திருப்போம். புகைப்படங்களுக்குத்தான் அது சரி. காகிதத்துக்கும் தோல்தாளுக்கும் கழுவி நன்றாக உலர்த்திய வெறும் கைதான் நல்லது. கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாது, கிழிந்துவிடும். க்ரீம் தடவாதீர்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

படி 4: முத்திரை
இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம், அவசரப்படாதீர்கள். தொங்கும் முத்திரையை அதன் தோல்பட்டையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கனம் தாங்காமல் பட்டை அறுந்துவிடும். அடியில் ஃபோம் திண்டு வைத்துத் தாங்குங்கள். பஞ்சுப் பைக்குள் இருந்தால் நீங்களாகப் பிரிக்காமல் ஊழியரைக் கூப்பிடுங்கள்.

நேர் மேலிருந்து பார்த்தால் வெறும் மெழுகுக் கட்டிதான். தலையைச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். குதிரையின் கால், வாள், ஓரத்து எழுத்துகள் என ஒவ்வொன்றாக எழுந்து வரும். அப்புறம், ஊழியரின் உதவியோடு பின்பக்கத்தையும் பாருங்கள். ஒருபக்க முத்திரைகள் சிலவற்றில், இளகிய மெழுகை அழுத்தியவரின் விரல் ரேகை அப்படியே பதிந்திருக்கும். முன்பக்கத்துப் பிரபுவைவிட எனக்கு இந்தப் பெயர் தெரியாத கட்டைவிரல்தான் பிடிக்கும்.

அந்தக் காலத்து முத்திரைகள் தேன்மெழுகு. நம்மூரில் பார்சலுக்கு வைக்கிற அரக்கு ஐரோப்பியக் கடிதங்களில் பரவியது பின்னால்தான். அந்த அரக்கு போனது இந்தியாவிலிருந்து.

படி 5: மடிப்பு
உறை இல்லாத காலம். கடிதத்தையே மடித்து முத்திரை வைத்தார்கள். பிரித்தபோது முத்திரையோடு காகிதமும் பிய்ந்து, ஓரிரு சொற்கள் போயிருக்கும். மடிப்பை விரலால் நீவித் தட்டையாக்காதீர்கள், தாள் சுருளாமல் பிடித்துவைக்கும் எடைச்சரத்தை மெல்ல வையுங்கள். மடிப்புக்குள் மினுமினுப்பாக ஏதாவது தெரிந்தால் அது மை காயத் தூவிய மணல். ஊதிவிடாதீர்கள்.

படி 6: திருப்பிக் கொடுத்தல்
இருந்த வரிசையிலேயே அடுக்குங்கள். மெழுகுத் துணுக்கு உதிர்ந்தால் ஒட்டப் பார்க்காமல், மறைக்காமல் ஊழியரிடம் காட்டுங்கள். திட்ட மாட்டார்கள், சின்ன உறை ஒன்றில் போட்டு ஆவணத்தோடே வைத்துக்கொள்வார்கள்.