உறைந்த ஏரிக்குள் அடுக்குக் குமிழிகள்: படமெடுப்பது எப்படி?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலைகளை ஒட்டி ஆபிரகாம் ஏரி இருக்கிறது. ஏரி என்று பெயர்தான். உண்மையில் வடக்கு சஸ்காட்செவான் ஆற்றின் குறுக்கே பிக்ஹார்ன் அணை எழுந்து, 1972-ல் உருவான நீர்த்தேக்கம் அது. மூழ்கிப்போன செடிகொடிகள் அடியில் மக்கி, மீத்தேன் வாயு மேலே வருகிறது. பனிக்கட்டியின் அடியில் முட்டும் குமிழி தட்டையாகப் பரவி அப்படியே உறைகிறது. அதற்குக் கீழே இன்னொரு படலம் உறையும்போது அடுத்த குமிழி அதில் சிக்குகிறது. அப்பளத்தை அடுக்கி வைத்தது போல வெள்ளை வட்டங்கள். பலத்த காற்று மேலே விழும் பனியை அடித்துக்கொண்டு போய்விடுவதால் உள்ளே தெளிவாகத் தெரியும். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை போகலாம்.

முதலில் காலடி. ஒருவர் நடக்கக் குறைந்தது 15 செ.மீ. கனம் வேண்டும் என்கிறது கனடா செஞ்சிலுவைச் சங்கம். அணை ஏரி என்பதால் இங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு: குளிர்காலத்தில் நீர்மட்டம் இறங்க, கரையோரப் பனிக்கட்டி அடியில் தண்ணீரில்லாமல் தொங்கி நிற்கும், உடையும். தனியாகப் போக வேண்டாம். காலணிக்கு அடியில் முள்பட்டை மாட்டுங்கள். ட்ரைபாடுக்கும் ரப்பர் பாதம் வழுக்கும், இரும்பு முனைதான் சரி.

படம் கெடுவது பெரும்பாலும் கேமராவால் அல்ல, பிரதிபலிப்பால். பனிக்கட்டி ஒரு கண்ணாடி. அதில் வெளிறிய வானம் விழுந்தால் குமிழி பாலில் கரைந்தது போலாகிவிடும். இருண்ட மலைச்சரிவு விழும் கோணத்தில் நின்று பாருங்கள், அதே இடம் கறுத்துத் தெளியும். பளபளப்பை வடிகட்டும் போலரைசர் ஃபில்டர் உதவும், ஆனால் எல்லாக் கோணத்திலும் அல்ல. நேர்கீழே பார்ப்பதிலிருந்து ஏறக்குறைய 53 டிகிரி சாய்த்துப் பார்க்கும்போதுதான் அது பளபளப்பை முழுசாக வெட்டும். நேர்கீழே எடுக்கும்போது அதைத் திருகிப் பயனில்லை, கழற்றிவிட்டுக் கறுப்புக் குடையை மேலே பிடியுங்கள். நீங்களும் அடர்நிற உடை போட்டிருந்தால் நல்லது. மஞ்சள் ஜாக்கெட் அப்படியே படத்தில் விழும்.

அடுத்த சிக்கல் ஃபோகஸ். ஆட்டோஃபோகஸ் மேற்பரப்பின் கீறலைப் பிடித்துக்கொண்டு குமிழியை விட்டுவிடும். மேனுவலுக்கு மாற்றி, திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் குவியுங்கள். ஃபுல்ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், ஒரு மீட்டர் தூரம், லென்ஸ் துளை எஃப்/11 (எண் கூடினால் துளை சிறுக்கும்) என்றால் சுமார் 25 செ.மீ. ஆழம்வரை கூர்மை கிடைக்கும். ஒளி விலகுவதால் 30 செ.மீ. ஆழம் கண்ணுக்கு 23 செ.மீ. போலத்தான் தெரியும், ஆகவே இது போதும். மிக அருகில் படமெடுக்கும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் அரை மீட்டருக்கு வந்தால் கணக்கே வேறு: எஃப்/8-ல் கூர்மை ஒரு செ.மீ.கூடத் தேறாது. 10 செ.மீ. ஆழத்துக்கு மேலிருந்து கீழாக ஃபோகஸை நகர்த்தி 10–12 படம் எடுத்து, கூர்மையான பகுதிகளை மென்பொருளில் ஒன்றாக அடுக்க வேண்டியதுதான். துளையை எஃப்/22-க்குச் சுருக்கித் தப்பிக்கப் பார்த்தால் படம் முழுக்க மழுங்கும். விரிசல், உறைபனிப் பூ போன்ற தட்டையான வடிவங்களுக்கு அடுக்கல் தேவையில்லை, சென்சாரைப் பரப்புக்கு இணையாக வைத்தாலே ஓரம்வரை கூர்மை வரும்.

கறுத்த பனிக்கட்டியைக் கேமராவின் ஒளிமானி தேவைக்கு மேல் வெளிச்சமாக்கும், குமிழியின் வெள்ளை வெந்துபோகும். எக்ஸ்போஷர் திருத்தத்தை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) −0.7-ல் வையுங்கள். வெண்ணிற உறைபனிக்கு நேர்மாறாக +1. குமிழிக்கு மலை நிழலின் மென்மையான ஒளி, உறைபனிக்கும் மேடுபள்ளத்துக்கும் பக்கவாட்டில் விழும் தாழ்வெயில். வெட்டவெளி உச்சிவெயில் இரண்டுக்கும் ஆகாது. ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலப்பதிவு) எடுங்கள், நிழலின் நீலத்தை எவ்வளவு விட்டுவைப்பது என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.

படத்தின் சட்டத்துக்குள் கல், காலடித்தடம், கரை எதுவும் வேண்டாம். அளவு தெரியும் பொருள் ஒன்று நுழைந்தாலும் அது ஏரியின் படமாகிவிடும், வடிவம் பின்னுக்குப் போய்விடும். ஒட்டியிருக்கும் பனித்தூளை மென்மையான தூரிகையால் தள்ளுங்கள். சுரண்டினால் கீறல்தான் மிஞ்சும். குனிந்து பார்க்கும்போது மூச்சை லென்ஸ் பக்கம் விடாதீர்கள், ஃபில்டரில் உடனே உறைந்து ஒட்டும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் உடல் சூட்டில் வையுங்கள். திரும்பும்போது மெமரி கார்டை வெளியிலேயே கழற்றிக்கொண்டு, கேமராவை ஜிப் பையில் காற்றுப் புகாமல் மூடியபின் அறைக்குள் கொண்டுபோங்கள். ஈரம் பையின் மேல் படியட்டும். இரண்டு மணி நேரம் திறக்காதீர்கள்.

ஏரிக்குப் போக முடியாத நாளில் குட்டையின் மேல் உறைந்த ஒன்றிரண்டு மி.மீ. தகடு போதும். எல்சிடி லேப்டாப்பில் வெறும் வெள்ளைத் திரை வைத்து, லென்ஸில் போலரைசரை மாட்டித் திரை கறுக்கும்வரை திருகுங்கள். நடுவே தகட்டைப் பிடித்தால் பனிப்படிகங்கள் ஊதா, மஞ்சள், பச்சை எனத் துண்டு துண்டாக ஒளிரும். நிறம் வரவில்லையென்றால் தகட்டைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். கனம் கூடினாலும் நிறம் வெளிறும். லேப்டாப்பின் மேல் ஒரு கண்ணாடித் தகடு கட்டாயம், பனி சொட்டத் தொடங்க அதிக நேரம் ஆகாது.